பெரணி இலைக் கரண்டியைத் தேடி உடும்பஞ்சோலைக்கு

மாங்காய்த் துண்டுகள்மேல் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய கரண்டியைக் கழுவிக் கொடுக்கலாம் என்று கையில் வாங்கி, சும்மா திருப்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். காம்பின் பின்பக்கம் பாதி தேய்ந்த ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குக் கீழே ஓர் இலையின் நுனி. பெரணி இலை. பாலக்காட்டு முதலமடை வெயிலில் மாமரத்தைத் தவிர எதுவும் தலை தூக்காது. ஈரப் பாறையில் முளைக்கிற பெரணி இங்கே எப்படி வந்தது?

"ஏனுங் தம்பி, கரண்டியவே பாத்துட்டிருக்கீங்? மாங்கா ரொம்பப் புளிக்குதுங்களா?" என்றார் சரசக்கா. மாந்தோப்புக்காரர் பொன்னுசாமி அண்ணனின் மனைவி. அண்ணனின் தம்பி என்னோடு கல்லூரியில் படித்தவன். அந்த உறவில் வருஷா வருஷம் மாங்காய் தின்னப் போவேன்.

"இது ஏது அக்கா?"

"எங்கண்ணன் குடுத்ததுங்க. உடும்பஞ்சோலைல ஏலக்கா ஸ்டோர்ல வேலையா இருந்தாருங்கல்ல, அங்க பங்களாவுல குடுத்தாங்களாமா. இதாட்ட ஒரு பொட்டி நெறைய இருக்குதுங்களாம். டீ ஊத்தற கெண்டி கூட இருக்குதாமுங்."

அந்தக் கணத்தில் என் தலைக்குள் ஒரு பெட்டி திறந்தது. இன்றுவரை மூட முடியவில்லை.

நான் கல்பாத்திக்காரன். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து, தற்காலிக ட்யூட்டராக இருந்து, அதுவும் முடிந்து சும்மா இருந்தவன். சும்மா இருப்பவன் கையில் பாதி எழுத்து கிடைத்தால் என்ன ஆகும்? சென்னைக்குப் போய் அமெரிக்க நூலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்தேன். கம்பெனியின் பெயர் 'டன்மோர் ஹேல்' என்று நான்காம் நாள் தெரிந்தது. கனெக்டிகட் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் நூலகத்துக்கு ஏரோகிராம் எழுதினேன். ஹாரியட் என்ற அம்மையார் பதில் எழுதினார். ஒரு வருஷத்தில் பதினொரு கடிதம்.

அந்தக் கடிதங்களிலிருந்து எனக்குக் கிடைத்த கதை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் டன்மோர் என்பவர் குதிரை வண்டியில் கரண்டி விற்றார். வெள்ளிக் கரண்டி அல்ல. பிரிட்டானியா என்று பெயர் வைத்த, வெள்ளீயத்தில் கொஞ்சம் ஆண்டிமனியும் செம்பும் கலந்த உலோகம். வெள்ளி வாங்க வக்கில்லாத வீடுகளுக்கு வெள்ளி மாதிரி ஒன்று. பிறகு மின்சாரத்தால் முலாம் பூசும் வித்தை வந்தது. ஹேல் என்ற கடிகாரக்காரர் கூட்டுச் சேர்ந்தார். கெண்டிக்குள் பிரிட்டானியா, கரண்டிக்குள் மஞ்சள் சாயலுள்ள மட்டமான கலப்பு உலோகம்; இரண்டின் மேலும் மெல்லிசாக வெள்ளி. குமாஸ்தா வீட்டு மேஜையும் பிரபு வீட்டு மேஜை மாதிரி மின்னியது. கல்யாணத்துக்கு ஒரு கரண்டி, முதல் குழந்தைக்கு ஒரு கரண்டி என்று ஒரே வடிவத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரு ஆயுளில் ஒரு பெட்டியை நிரப்புவார்களாம். நூற்றாண்டு முடிவதற்குள் தொழிற்சாலை தீப்பிடித்தது. வடிவங்களை வரைந்து வைத்திருந்த புத்தகமும் போயிற்று. பெரணி இலை வடிவம் ஒரே ஒரு பழைய விளம்பரத்தில் மட்டும் இருக்கிறது. 'எங்கள் ஊரில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தார் ஹாரியட். கொடைக்கானலில் கோடைக்கு வந்து தங்கிய ஏதோ ஒரு அமெரிக்க மிஷன் குடும்பம் அதைக் கப்பலில் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது மலைத் தோட்டத்துத் துரை ஒருவருக்கு விற்றிருக்க வேண்டும். இது என் ஊகம்.

இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கோழிக்கோட்டுப் பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய காரியம். "முழு முத்திரை உள்ள ஒரு பொருளை என் மேஜைமேல் வை. கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த திங்கட்கிழமை கமிட்டி. அதற்குப் பிறகு வராதே" என்றார் மலையாளத்தில். அப்பா மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார்: "கரண்டிக்கு சரித்திரமா? ஒனக்குப் பிராந்துதான்டா, சுத்தப் பைத்தியம். பாங்க் வேலைக்கு ஆர்டர் வந்து கெடக்கு. ராய்ப்பூருக்குப் போயி ஜாயின் பண்ணற வழியைப் பாரு." கமிட்டியில் பெயர் பதிவாகாவிட்டால் ராய்ப்பூர். அது வீட்டில் செய்துகொண்ட உடன்படிக்கை.

மூன்று வாரம் முன்பே, சரசக்காவின் அண்ணனிடம் விலாசம் வாங்கி, உடும்பஞ்சோலை பங்களாவைக் காவல் காக்கும் செல்லையாவுக்குக் கடிதம் எழுதினேன். பெட்டி இருக்கிறது, பதினொரு கரண்டியும் ஒரு கெண்டியும் பத்திரம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன்: 'நான் நேரில் வருகிறேன். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும்படி சுத்தமாக வைத்திருக்கவும்.' எழுதிவிட்டு, எவ்வளவு முன்யோசனை உள்ளவன் நான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கமிட்டிக்குச் சரியாக ஒரு வாரம் முன், திங்கட்கிழமை காலை கிளம்பினேன். உடும்பஞ்சோலையும் கேரளம்தான், ஆனால் வழி தமிழ்நாட்டைச் சுற்றி, போடி வழியாக மலையேறுகிறது. எல்லையைத் தாண்டுமுன் முதலமடையில் இறங்கி சரசக்காவிடம் சொல்லிக்கொண்டேன். அவர் கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போங்க தம்பி. எங்களுக்கு எதுக்குங்?"

பதினொரு முழு முத்திரைகள் காத்திருக்கும்போது பாதி முத்திரையைச் சுமப்பானேன்? "வியாழக்கிழமை திரும்பி வரப்போ வாங்கிக்கறேன் அக்கா" என்றேன். பஸ் ஹாரன் கேட்டது. ஓடினேன். பின்னாலிருந்து அவர் ஏதோ சொன்னார். "ஆகட்டும் ஆகட்டும்" என்று கையை ஆட்டினேன்.

கோவிந்தாபுரம் செக்போஸ்டில் மாங்காய் லாரிகள் வரிசையாக நின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் 'சாயா'. பத்தடி தாண்டினால் 'டீ'. இரண்டுமே ஒரே மாதிரி கொதிக்கவைத்துக் கொன்ற இலைதான். பஸ்ஸில் என் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திர வியாபாரி ஒருவர் உட்கார்ந்தார். பழைய துணிக்கும் பித்தளைக்கும் பாத்திரம் மாற்றிக் கொடுப்பவர். மடியில் டம்ளர்களின் கோபுரம். நான் சும்மா இருப்பேனா? டன்மோரின் கதையை உடுமலைப்பேட்டை வரைக்கும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தாளு பழைய துணி வாங்குனாருங்களா?" என்றார். இல்லை என்றேன். "அதான் கம்பெனி போயிருச்சு" என்று முடித்துவிட்டார்.

போடியில் லாட்ஜ். சாம்பாரில் தேங்காய் இல்லை; காரம் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டில் தேங்காய் அரைத்துவிட்டுச் செய்யும் மொளகூட்டலை நினைத்துக்கொண்டே நான்கு இட்லி தின்றேன். அன்று எல்லாம் ருசித்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மலையேறிய பஸ் ஏழாவது வளைவில் ஆவி விட்டது. கண்டக்டர் கல் தேடி ஓடினார்; சக்கரத்துக்கு அடை கொடுத்தார்கள். எல்லோரும் இறங்கினோம். ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து எஞ்சினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பாறைச் சரிவு முழுக்கப் பெரணி. நான் ஓர் இலையைப் பறித்து நோட்டுப் புத்தகத்தில் வைத்தேன். ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி பார்த்துவிட்டுத் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஆத்தாடி, படிச்ச மனுசன் களைய எடுத்துப் பத்திரப்படுத்துறாரு பாருடி."

மதியத்துக்கு மேல் உடும்பஞ்சோலை வந்து சேர்ந்தேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பாலக்காட்டில் இந்த நேரம் விசிறி இல்லாமல் உட்கார முடியாது. இங்கே என் பற்கள் தாளம் போட்டன. பங்களாவின் இப்போதைய முதலாளி கொச்சியில் இருக்கிறார், வருவதில்லை. செல்லையாவும் அவர் மனைவி பாக்கியமும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். செல்லையா துவைத்த சட்டை போட்டு, மேல் பொத்தானையும் மாட்டியிருந்தார்.

"வாங்க சார், வாங்க. குளுந்துபோயிட்டீங்க. முதல்ல கட்டஞ்சாயா. ஏ பாக்கியம்!"

கறுப்பு டீயும், அவித்த மரவள்ளிக்கிழங்கும், காந்தாரி மிளகாய்ச் சட்னியும் வந்தன. கிழங்குத் தட்டின் பக்கத்தில் ஒரு கரண்டி. புத்தம் புதிதாக, கண் கூசும்படி வெள்ளையாக இருந்தது. எவர்சில்வர் என்று நினைத்தேன். எடுத்தேன். கொஞ்சம் கனம். திருப்பினேன்.

பின்பக்கம் வழவழவென்று இருந்தது. ஒன்றும் இல்லை.

"எப்பிடி இருக்கு?" என்றார் செல்லையா. முகமெல்லாம் சிரிப்பு. "அம்புட்டையும் பளபளன்னு ஆக்கிப்புட்டோம்ல! நீங்க சுத்தமா வைக்கச் சொல்லி எழுதியிருந்தீக. எடுத்துப் பாத்தா உள்ள மஞ்ச தெரியுது. பித்தளைல மஞ்ச தெரிஞ்சா களிம்பு ஏறும், வயித்துக்கு ஆகாது. நீங்க வந்து அதுல சாப்புடுவீகள்ல? அதான் போடியில இருந்து இஸ்மாயில் பாய வரவழைச்சு ஈயம் பூசிட்டோம்."

யாரைக் குற்றம் சொல்வது? பித்தளைப் பாத்திரத்தில் மஞ்சள் தெரிந்தால் ஈயம் பூச வேண்டும் என்பது எங்கள் வீட்டிலும்தான் சட்டம். அம்மா பூசாத பாத்திரத்தில் ரசம் வைக்கமாட்டாள். முலாம் தேய்ந்து உள்ளே இருந்த கலப்பு உலோகம் எட்டிப் பார்த்திருக்கிறது. பதினொரு கரண்டியையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பதினொன்றும் பனி மாதிரி வெள்ளை. பதினொன்றும் ஊமை.

"கெண்டி?" என்றேன். கெண்டியின் அடியில் முத்திரை பெரிதாக இருக்கும் என்று ஹாரியட் எழுதியிருந்தார்.

செல்லையா பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் தரையைப் பார்த்தார். "அது... அடுப்புல வச்சதும் வளைஞ்சுபோச்சு சார். பாய் எடுக்குறதுக்குள்ள சொட்டுச் சொட்டா உருகிருச்சு. அவரே பதறிப்போயிட்டாரு. 'வெள்ளின்னீங்க, இது பூராம் வெள்ளீயமால்ல இருக்கு'ன்னாரு. பெறகு அதையே கரண்டிக்குப் பூசிட்டாரு. வெளிய ஈயம் வாங்க வேண்டியதில்லாமப் போச்சு."

நான் கரண்டியை வைத்துவிட்டேன். வெள்ளீயத்தின் மேல் வெள்ளியைப் பூசி டன்மோரும் ஹேலும் ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். என் ஒரே ஒரு வாக்கியம் அந்தக் கெண்டியை உருக்கி, அதே வெள்ளீயத்தை வெள்ளியின் மேல் பூசிவிட்டது. கம்பெனியின் சரித்திரத்தைத் தலைகீழாக ஓட்டி ஆரம்பத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான்.

"ஐயோ" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பாக்கியம் உடனே புரிந்துகொண்டார். "நான் அப்பவே சொன்னேன்ல, சார்ட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு" என்றார் கணவரிடம். செல்லையாவின் சிரிப்பு இறங்கியது. மேல் பொத்தானைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "தப்பாப் போச்சா சார்?"

இல்லை என்று சொன்னேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அப்படியானால் ஒரு படம் பிடியுங்கள் என்றார். முத்திரைகளை எடுப்பதற்காக இரவல் வாங்கிப்போன காமிராவில் எட்டுப் படம்தான் எடுக்கலாம். ஒன்றை அவர்களுக்காக எடுத்தேன். இருவரும் கையில் கரண்டிகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார்கள். மற்ற ஏழு படங்களை எடுக்க எதுவும் இருக்கவில்லை.

அன்று சாப்பாட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. கருவாடு எனக்கு ஆகாது என்று பாக்கியமே யூகித்துத் தனியாகத் தயிர் வைத்திருந்தார். அந்தக் கரண்டியால்தான் பரிமாறினார். நாக்கில் தயிர் புளித்ததா, எதுவும் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் ஒரு யோசனை. வெள்ளீயம் சீக்கிரம் உருகும். சூடு காட்டித் துடைத்தால் கீழே முத்திரை இருக்குமே! பூசியவர் கையாலேயே துடைக்கச் சொல்லலாம். மூன்று கரண்டி இரவல் கேட்டேன். "மூணென்ன, பதினொண்ணும் கொண்டு போங்க" என்றார் செல்லையா. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது. மூன்று போதும் என்றேன். மறுபடி எனக்குத் திமிர்தான், வேறென்ன.

போடிமெட்டு செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். ஏலக்காய் கடத்துகிறேனாம். காவலர் மூன்று கரண்டிகளையும் வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்து, மலையாளத்தில் கூட இருந்தவரிடம் சொன்னது தமிழில் இவ்வளவுதான்: "இவன் ஏலக்காயைத் தின்னுட்டான். கரண்டி மட்டும் மிச்சம்." மற்றவர் சொன்னார்: "பாவம், மூஞ்சியைப் பாரு. யாரோ செத்திருக்கணும். விடு."

இஸ்மாயில் பாயின் பட்டறை போடிச் சந்தைக்குப் பின்னால். கல்யாண மாதம், அண்டாவும் குண்டாவும் தெருவரைக்கும் வரிசை பிடித்து நின்றன. நாற்பது வயது மனிதர், துருத்தியை மிதித்துக்கொண்டே பேசினார்.

"நீங்கதானா அந்த லெட்டர் சார்? அந்தக் கெண்டிய நெனச்சு எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. தீய பாத்ததும் மெழுகா போயிருச்சு."

கரண்டியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் துருத்தியை நிறுத்திவிட்டார். "தொடைக்கலாம் சார். ஆனா..."

"ஆனா?"

"ஈயம் ஒட்டணும்னா சும்மா பூச முடியாது. மொதல்ல அரம் போட்டுச் சொரண்டி, மணலப் போட்டுத் தேச்சு, நவச்சாரப் பொடி தூவித்தான் பூசுவோம். பின்னாடி ஏதோ எழுத்திருந்துச்சு. மேடு பள்ளமா இருந்தா ஈயம் சமமா நிக்காது. செல்லையாண்ணே வேற, வெளியூரு ஆளு வாராரு, சுத்தமாச் செய்யின்னாரு. நான் நல்லாச் சொரண்டிட்டேன்."

இருந்தாலும் துடைக்கச் சொன்னேன். இடுக்கியில் பிடித்துக் கரியின் மேல் காட்டினார். வெள்ளை நடுங்கி, வியர்த்து, உருண்டது. பஞ்சால் ஒரே இழுப்பு. கீழே மங்கலான மஞ்சள். அரத்தின் கோடுகள். இரண்டாவது கரண்டி. கோடுகள். மூன்றாவதைத் துடைக்கும்போது கூட்டம் கூடிவிட்டது, அண்டா கொண்டுவந்த அம்மாள் ஒருத்தி, "என்னத்தத் தேடுறாக?" என்று கேட்டார். "பேரு" என்றார் பாய். மூன்றாவதில், கூர்ந்து பார்த்தால் ஒரு வளைவு. பெரணியின் தண்டாகவும் இருக்கலாம், அரம் வழுக்கிய இடமாகவும் இருக்கலாம். பார்க்கப் பார்க்க அது வழுக்கல்தான் என்று ஆகிவிட்டது.

"மேல இருக்குற எட்டும் இதே கை, இதே அரம்தான் சார். ஏறி எறங்காதீங்க" என்றார் பாய். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஹாரியட்டுக்கு என்ன எழுதுவேன்? உலகத்தில் மிச்சமிருந்த பெரணி இலைகளை ஒரு கடிதம் எழுதி அழித்தேன் என்றா? பையில் ராய்ப்பூர் ஆர்டர் இருந்தது. நல்ல கெட்டித் தாள். டீ ஆறிப்போயிற்று.

அப்போதுதான் அந்தப் பாதி முத்திரை ஞாபகம் வந்தது. முதலமடை உப்புக் கரண்டி. மூன்று எழுத்து தேய்ந்தது, ஆனாலும் கம்பெனியின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்குப் போதுமாயிருந்தது. இலையின் நுனியும் இருக்கிறது. பேராசிரியர் முழு முத்திரை கேட்டார். காலில் விழுந்தாவது பாதியை மேஜைமேல் வைக்கலாம். எழுந்தேன். எழுந்த வேகத்திலேயே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை ஹாரன் சத்தத்தில் சரசக்கா பின்னாலிருந்து சொன்னது, வார்த்தை வார்த்தையாக, இப்போதுதான் காதில் விழுந்தது.

"அப்ப வியாழக்கெழமை காலைல கொல்லங்கோட்டுப் பட்டறைக்குக் கொண்டு போயி, நீங்க வர்றதுக்குள்ள மெருகு போட்டுப் புதுசாட்டப் பண்ணி வெச்சர்றனுங் தம்பி!"

ஆகட்டும் ஆகட்டும் என்று சொன்னது நான்தான்.

தபாலாபீஸுக்கு ஓடினேன். மூட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. தந்திப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"'கரண்டியைத் தேய்க்க வேண்டாம்.' இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"தந்தின்னா வீட்டுல அழ ஆரம்பிச்சிருவாங்களே சார். பிரிக்குறதுக்கே ஒரு நாள் யோசிப்பாங்க. எழவு இல்லன்னு ஒரு வார்த்தை சேத்துக்கட்டுமா?"

சேர்க்கச் சொன்னேன். நாளைக் காலைதான் முதலமடைக்குப் போய்ச் சேரும் என்றார். சரசக்கா கொல்லங்கோட்டுக்குக் கிளம்பும் பஸ்ஸும் காலையில்தான். இன்று முன்னிரவில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாங்காய் லாரி காலியாகத் திரும்புகிறதாம், டிரைவரிடம் கேட்டுவைத்திருக்கிறேன். அவர் ஏற்றிக்கொண்டால், தந்திக்காரனுக்கு முன்னால் நான் சரசக்கா வீட்டுப் படலைத் தட்டுவேன்.